நானே வாங்கிய ஸ்டே, நானே உடைத்த தேங்காய்

வக்கீல் தொழிலில் ஒரு வசதி உண்டு: கேஸ் முடியாவிட்டால் வாய்தா, முடிந்தால் அப்பீல், எப்படியும் கட்சிக்காரர் நம்மிடம்தான் திரும்பி வருவார். எம்எல்ஏ தொழிலிலும் திரும்பி வருவார்கள். ஆனால் நாம் வாயில் பிரஷ்ஷோடு நிற்கும்போது வருவார்கள். இரண்டையும் ஒரே உடம்பில் சுமக்கிற என்னைப் போன்ற பாவப்பட்ட ஜென்மங்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். சித்தூர் கோர்ட்டில் இருபத்திரண்டு வருஷம் கறுப்புக் கோட்டு. போன தேர்தலிலிருந்து வெள்ளைச் சட்டை. சில நாள் எதைப் போட்டிருக்கிறேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

சபையில் வாய்தா

சட்டசபையில் முதல் தடவை பேச எழுந்தேன். குடிநீர்ப் பிரச்சினை. தெலுங்கில் நன்றாகத்தான் ஆரம்பித்தேன். நடுவில் எதிர் வரிசையிலிருந்து ஒருவர் குறுக்குக் கேள்வி போட்டார். பதில் இருந்த காகிதத்தைக் காணோம். பழகின உடம்பு சும்மா இருக்குமா? கை தானாகக் கழுத்துப் பட்டையைத் தேடியது. வாய் தானாக, "கட்சிக்காரர் ஆவணம் கொண்டுவரவில்லை, பதினைந்து நாள் வாய்தா வேண்டும்" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் நானும் கொஞ்சம் சிரித்துவைத்தேன்.

பக்கத்து இருக்கையில் நாலு தடவை ஜெயித்த பெரியவர் ஒருவர். என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டுச் சொன்னார்: "தம்முடு, இங்க வாய்தா நாம கேக்கறதில்ல. அஞ்சு வருஷம் ஆனா ஜனங்களே குடுத்துடுவாங்க."

சாமிக்கு ஒரு மனு

எங்கள் பக்கத்தில் எம்எல்ஏ என்றால் பாதி ஜனங்களுக்கு ஒரே அர்த்தம்தான்: திருமலை தரிசனத்துக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுக்கிறவர். என் பழைய குமாஸ்தா மொகிலிதான் இப்போது என் பி.ஏ. முதல் கடிதத்தை அவனையே அடிக்கச் சொன்னேன். பழைய குமாஸ்தா இல்லையா, "மேற்படி மனுதாரர் தன் குடும்பத்தார் நால்வருடன்" என்று ஆரம்பித்து, "ஆகவே தரிசனம் அளித்து உத்தரவிடப் பிரார்த்திக்கிறோம்" என்று முடித்திருந்தான். நானும் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அதிலும் எம்எல்ஏ என்று போடாமல், வாதியின் வழக்கறிஞர் என்று போட்டிருக்கிறேன்.

அந்தக் கடிதத்தை வாங்கிப் பார்த்தவர் ஏற்கனவே என்னை வக்கீலாக வைத்துச் சொத்துக் கேஸில் தோற்ற கட்சிக்காரர். திருப்பதிக்குக் கிளம்ப வாசலில் வண்டி நிற்கிறது, பெண்டாட்டி பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. கடிதத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், நிலத்தைத்தான் உங்களை நம்பி விட்டுட்டேன், சாமியையாவது நானே லைன்ல நின்னு பாத்துக்கறேன்."

இரண்டு பெஞ்சு

குழப்பம் தாங்காமல் மொகிலி ஒரு ஏற்பாடு செய்தான். ஆபீஸ் வாசலில் இடது பக்கம் ஒரு பெஞ்சு, கேஸ் விஷயமாக வருகிறவர்களுக்கு. வலது பக்கம் ஒன்று, எம்எல்ஏவிடம் அர்ஜி கொடுக்க வருகிறவர்களுக்கு. கேஸ்களையெல்லாம் என் ஜூனியர் ரேவதியிடம் ஒப்படைத்துவிட்டேன். ஒரு கேஸ் கட்டு மட்டும் என் பீரோவிலேயே இருந்தது. அது கனகம்மாவுடையது. "பாப்பா நல்லாப் பேசுது, ஆனா என் கேஸை நீங்கதான் வெச்சுக்கணும்" என்று ஒரே பிடிவாதம்.

கனகம்மாவுக்கு ஒண்ணரை ஏக்கர், அதில் பதினோரு மாமரம். புருஷன் இல்லை. அந்தப் பதினோரு மரத்துக் காயில்தான் மகள் திருப்பதியில் நர்சிங் படிக்கிறாள். ஒன்பது வருஷம் முன்பு அந்த நிலத்தின் வழியாக ரோடு போடப் பஞ்சாயத்து கிளம்பியபோது நான்தான் வாதாடி ஸ்டே வாங்கினேன். இறுதித் தீர்ப்பு வரை யாரும் உள்ளே கால் வைக்கக்கூடாது. அந்த நிலத்தின் சர்வே நம்பர் எனக்கு மனப்பாடம். நாலெல்லையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்: கிழக்கே ஓடை, மேற்கே வண்டிப்பாதை, வடக்கே பாறைமேடு, தெற்கே பங்காளி நிலம். நேரில் போய்ப் பார்த்ததுதான் கிடையாது. எந்த வக்கீல் போய்ப் பார்க்கிறான்? நமக்கு நிலம் என்றால் காகிதம்.

அன்றைக்கு அவள் எந்தப் பெஞ்சிலும் உட்காராமல் நடுவில் நின்றிருந்தாள். "மறுபடியும் ரோடு ரோடுன்னு பேசிக்கினு இருக்காங்க வக்கீலய்யா" என்றாள். "உத்தரவு இருக்கிறது. அதைத் தாண்டி ஒரு ஆள் வந்தால் என்னைக் கேள்" என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. "அது போதும். நீங்களே இப்போ எம்எல்ஏ, இன்னா பயம் எனக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரே நாளில் நாலு தேங்காய்

சித்திரை வெயில். ஒரே நாளில் நாலு பூமி பூஜை. மூன்றாவது கொல்லமேடு காலனிக்கு ரோடு. நியாயமான ரோடுதான், மழை பெய்தால் அங்கே பிரசவத்துக்குக்கூடக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். ரோடு வேண்டும் என்று கடிதம் கொடுத்ததும் நான்தான். கடிதத்தில் 'கொல்லமேடு முதல் மெயின் ரோடு வரை' என்று இருந்தது, சர்வே நம்பர் இல்லை. வக்கீலுக்கு ஊர்ப் பெயர் தேவையில்லை, எம்எல்ஏவுக்கு சர்வே நம்பர் தேவையில்லை. நடுவில் மாட்டிக்கொண்டது நிலம்.

காரிலிருந்து இறங்கினேன். ஓடையோரம் ஒரு மாந்தோப்பு, நல்ல நிழல். காயைப் பார்த்து, "பெங்களூரா ரகம் அமோகமாகக் காய்த்திருக்கிறதே!" என்று மைக்கிலேயே பாராட்டினேன். தேங்காய் உடைத்தேன். கூட்டத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ சலசலப்பு. யாரோ ஒரு பெண் கோர்ட்டுக் காகிதத்தைக் காட்டுகிறாள் என்றார்கள். எனக்கு நாலாவது தேங்காய்க்கு நேரமாகிவிட்டது. "எந்தக் காகிதமானாலும் ஆபீசுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், நானும் வக்கீல்தான்" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தேன். கான்ட்ராக்டர் கார்க் கதவைச் சாத்திக்கொண்டே சொன்னார்: "நீங்க கை வெச்சுட்டீங்க சார், இனிமே எந்த ஸ்டே நிக்கும்?" நானும் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்புக்காக என்னையே நாலு அறை அறையவேண்டும் போலிருக்கிறது.

கட்சிக்காரர் வந்தார்

மூன்றாம் நாள் கனகம்மா வந்தாள். இந்தத் தடவை சந்தேகமே இல்லாமல் இடது பக்கப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஸ்டே உத்தரவை மடியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். அழவில்லை. ரெண்டு மரத்தை மிஷின் வைத்து அறுத்துப் போட்டுவிட்டார்கள் என்றாள். எங்கே, யார் என்று நான் கேட்கக் கேட்க அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிழக்கே ஓடை என்று அவள் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. பீரோவைத் திறந்து கட்டைப் பிரித்தேன். உத்தரவு வாங்கிய வக்கீல் என்ற இடத்தில் என் கையெழுத்து. நான் கண்குளிரப் பார்த்துப் பாராட்டினது அவள் மரத்தைத்தான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. என்ன செய்யலாம் என்று கேட்டேன், வக்கீல் கட்சிக்காரரைக் கேட்கிற கேள்வியா அது? அவள் நிதானமாகப் பதில் சொன்னாள்: "எம்எல்ஏ மேல கேஸ் போடணும் வக்கீலய்யா. உங்களைத் தவிர எனக்கு வேற யாரையும் தெரியாது."

கூண்டு எந்தப் பக்கம்

கேஸ் கட்டை ரேவதியிடம் கொடுத்தேன். "சார், எதிராளி நீங்க" என்றாள். "தெரியும், தயவு தாட்சண்யம் பார்க்காதே" என்றேன். உத்தரவை மீறியதாகப் பஞ்சாயத்து, கான்ட்ராக்டர், நான் மூவர் மேலும் மனு. வாய்தா அன்றைக்குக் கோர்ட்டுக்குள் நுழைந்தவன் பழக்கதோஷத்தில் நேரே போய் வக்கீல்கள் வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். ரேவதி கண்ணைக் காட்டினாள். எழுந்து கூண்டுக்கு நடந்தேன். இருபத்திரண்டு வருஷமாக எத்தனை பேரை அந்தக் கூண்டில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். அதன் படி இவ்வளவு உயரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இந்த உத்தரவை வாங்கிய வக்கீல் யார்?" என்று ரேவதி கேட்டாள். "நான்" என்றேன். "நிலத்தின் நாலெல்லை தெரியுமா?" மடமடவென்று சொன்னேன். "தேங்காய் உடைத்தபோது அதே நிலத்தில்தான் நிற்கிறீர்கள் என்று தெரியாதா?" தெரியாது என்றேன். நான் சொன்னதிலேயே பெரிய உண்மை அதுதான், கேட்பதற்கோ அது பச்சைப் பொய் மாதிரி இருந்தது. நீதிபதி பேனாவை வைத்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். அவர் முன்னால் எத்தனையோ கேஸ் ஜெயித்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். ரோட்டை ஓடைப் புறம்போக்கு வழியாகத் திருப்பவும், மரத்துக்கு ஈடு கொடுக்கவும் எழுதிக்கொடுத்தேன், நீதிபதி அதையே உத்தரவாக்கினார். ரோடு அரைக் கிலோமீட்டர் நீண்டது, ஒரு மழைக்காலம் தள்ளிப்போனது. கொல்லமேட்டுக்காரர்கள் இப்போதும் என் காரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

வெளியே புளியமரத்தடியில் கனகம்மா நின்றிருந்தாள். பக்கத்தில் போய், "தப்பு என்னுடையதும்மா" என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பத்து வருஷம் வளர்த்த மரம் திரும்பி வராது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கட்டை ரேவதியிடமிருந்து வாங்கி என் கையிலேயே மறுபடியும் திணித்தாள். "அந்த எம்எல்ஏவுக்கு இனிமே என் ஓட்டு கிடையாது. கேஸை மட்டும் நீங்களே பாத்துக்குங்க வக்கீலய்யா."

ஆக, ஒன்பது வருஷமாக இழுக்கிற கேஸில் அன்றைக்கு ஜெயித்தவனும் நான்தான், தோற்றவனும் நான்தான், உத்தரவை யாருக்குப் படித்துச் சொல்வது என்றுதான் இன்னும் புரியவில்லை.