ஆயுத பூஜையன்று ஓய்வெடுத்த கணினிகள்

என் மகனும் அவன் கூட்டாளிகளும் இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், உள்ளவர்களுக்காக ஓர் இணையத்தளம் நடத்தினார்கள். எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் நான்கிலும் போட்டிருக்கும். தாய்க் கணினி ஆஸ்திரேலியாவில் ஒருவர் வீட்டில் இருந்தது. அது படுத்துவிட்டால் என்ன செய்வது என்று, அதே பக்கங்களை நகலெடுத்து இங்கே தெரிந்தவர்கள் நான்கு பேரின் கணினிகளில் வைத்தார்கள். கண்ணாடித் தளமாம். முகம் தெரியாத கண்ணாடி.

எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் போன் எடுக்க நான்தான் இருந்தேன். ஆக, எழுத்துக்கூட்டிப் படிக்கிற நான் ஒருங்கிணைப்பாளர் ஆனேன். எந்தக் கணினி நின்றது, யார் போய் எழுப்புவது, எல்லாம் என் வாயால்தான். பட்டம் வாங்கியவர்கள் நான் சொன்னால்தான் அசைவார்கள்.

ஒருமுறை ஆஸ்திரேலியாக்காரர் வீடு மாறினார். அன்று முழுக்க நம் நான்கு கணினிகள்தான் தாங்கவேண்டும் என்று மகன் சொல்லி வைத்தான். அன்றுதான் ஆயுத பூஜை. நாள் பார்த்து வீடு மாறத் தெரியாதவருக்காக சாமி காத்திருக்குமா? மாக் மண்டின் தொழிற்சாலை, செபராங் ஜெயா கணினி வகுப்பு, பட்டர்வொர்த் ஆபீஸ் மூன்றுக்கும் போன் போட்டேன். துடைத்து, சந்தனம் வைத்து, அணைத்துவிடச் சொன்னேன். மற்றவை தாங்கும் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். படித்தவர்கள் அல்லவா, நம்பிக்கை அதிகம். அணைத்துப் பூட்டிவிட்டு, தீவில் இருக்கும் என் வீட்டுப் பூஜைக்கு ஃபெர்ரி ஏறிவிட்டார்கள்.

மதியம் மகன் தன் ஆபீசிலிருந்து கூப்பிட்டான்.

“அம்மா, மூணும் செத்துக் கிடக்கு. யாரு அடைக்கச் சொன்னது?”

“ஆயுத பூஜைலா. உன் ஆபீஸ்ல காலண்டர் இல்லையா?”

மிச்சம் இருந்தது சூலியா தெருவில் இண்டர்நெட் கடை வைத்திருந்த சீனரின் கணினி. அவருக்கு ஏது ஆயுத பூஜை என்று, அவரை மட்டும் நான் அணைக்கச் சொல்லவில்லை. அடுத்த போன் அவருடையது. உலகமே தன் கடையில் வந்து விழுகிறது, இண்டர்நெட் நகரவில்லை என்று கடைக்கு வந்தவர்கள் திட்டுகிறார்கள், அடைத்துவிடட்டுமா என்று மலாயில் கேட்டார். அவர் அடைத்தால் தளமே இல்லை. எனக்குத் தெரிந்த பசார் மலாயில், அந்தச் சந்தைப் பேச்சில், சாயங்காலம் வரை பொறுங்கள், சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் அனுப்புகிறேன் என்றேன்.

 சுண்டல் போதும் ஆன்ட்டி, எனக்கும் இனிப்புநீர், பொங்கல் கூடாதென்று சீனப் பக்கத்தில் போட்டிருக்கிறது என்றார்.

ராத்திரிவரை அடைக்கவில்லை. என் வீட்டுக்கு வந்த மூவரும் பொங்கல் பானையை வழித்துச் சாப்பிட்டார்கள். அவர்களில் இருவருக்கு இனிப்புநீர். அந்தத் தளத்தைப் படித்தவர் சீனர் ஒருவர்தான் போலிருக்கிறது.