மகளின் காலில் வைத்த நேர்த்தி

பலெர்மோவுக்குப் போகிறோம் என்று நான் சொன்னபோது அல்பர்ட்ஸ்லுண்டில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சிரித்தன. டென்மார்க்கில் வதிவிட அனுமதி கிடைத்து, கையில் புதிய பயணப் புத்தகமும் வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு லூர்துக்குப் போகலாம், லண்டனில் சொந்தக்காரரைப் பார்க்கலாம். வீட்டுவேலை செய்து முதுகொடிந்த இத்தாலிய நகரத்துக்கு யாராவது விடுமுறைக்குத் திரும்பிப் போவார்களா? நான் போவேன். எண்பதுகளின் நடுவில், அந்தக் கோடையில், நான் அப்படித்தான் இருந்தேன். ஒன்றை நினைத்துவிட்டால் என்னைத் திருப்ப ஆளில்லை.

காரணம் ஒரு நேர்த்திக்கடன். மகள் பலெர்மோவில் பிறந்தவள். பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் வந்து, கண் செருகி, ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டொக்டர் சொன்ன இத்தாலிய மொழியில் பொறுத்துப் பார்ப்போம் என்பது மட்டும்தான் எனக்கு விளங்கியது. அந்த நகரத்துக்கு மேலே ஒரு மலை இருக்கிறது. மலையில் ஒரு குகைக் கோவில், அதற்குள் ஒரு புனிதை. எங்கள் ஊர் மன்னாரில் மடுக்கோவில் மாதாவோடு கதைத்துப் பழகிய வாய் எனக்கு. ஆஸ்பத்திரி யன்னலால் மலையைப் பார்த்துக் கதைத்தேன்.

"என்ர பிள்ளையைத் தாரும். அவளுக்கு ஆறு வயசாகேக்க, தன்ர காலால, செருப்பில்லாமல், அடியிலயிருந்து உச்சி மட்டும் நடந்து உம்மட்ட வருவாள்."

காய்ச்சல் இறங்கியது. பிள்ளைக்கு நாலு வயதானபோது நாங்கள் டென்மார்க்குக்கு வந்துவிட்டோம். மலை அங்கேயே நின்றது. அந்தக் கோடையில் அவளுக்கு ஆறு வயது.

இங்குள்ள கத்தோலிக்கக் கோவில் பாதிரியாரிடம் கேட்டேன். இங்கேயே ஒரு பூசை கொடுத்தால் போதும் என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் நான் வாக்குக் கொடுத்தது அவருக்கு இல்லையே.

பனி போனதும் பயிற்சியைத் தொடங்கினேன். ஞாயிறு பூசை முடிந்து வந்தவுடன் மகளின் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, வீட்டுக்குப் பின்னால் காட்டுப் பாதையில் நடத்திக்கொண்டு போவேன். நானும் வெறுங்காலோடுதான். கால் உரம் பெறும் என்று மட்டும் அவளுக்குச் சொல்லியிருந்தேன். ஒருநாள் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு பை. அதற்குள் பிள்ளைகளின் பழைய சப்பாத்துகள் நாலு சோடி, துடைத்து, நாடா போட்டு. மேல்மாடி டெனிஷ்காரியின் வேலை. கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு மானம் போனது. ஆனாலும் நான் பையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நீலச் சோடி மகளுக்கு அளவாக இருந்தது.

ஜூலையில் வெளிக்கிட்டோம். இரண்டு நாளுக்கு மேல் ரயில். ஜெர்மனிக்குப் போகும் கடலில் ஒருமுறையும், சிசிலிக்குப் போகும் கடலில் ஒருமுறையும் ரயிலே கப்பலுக்குள் ஏறியது. மகளுக்கு அதுவே போதும், திரும்பிப் போவோமா என்றாள்.

பலெர்மோவில் எங்கள் பழைய தெருவின் பழக்கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். மகளின் கன்னத்தைக் கிள்ளி, ஒரு பீச் பழத்தைக் கையில் வைத்து ஏதேதோ கேட்டார். ஒரு சொல்லும் அவளுக்கு விளங்கவில்லை. பிறந்த தெருவிலேயே பிள்ளை பிறத்தியாளாக நின்றதைப் பார்க்க எனக்கு நெஞ்சு கனத்தது. அவள் பழத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மலையடிவாரத்தில் மூன்று பேரும் சப்பாத்தைக் கழற்றினோம். கணவர் எல்லாவற்றையும் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டார். வளைந்து வளைந்து ஏறும் பழைய கல்பாதை. அல்பர்ட்ஸ்லுண்ட் காட்டில் புல் இருந்தது. இங்கே வெயிலில் காய்ந்த கல். அதை நான் யோசித்திருக்கவில்லை. பாதி வழியில், ஒரு பைன் மர நிழலில், மகள் உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கால் சிவந்திருந்தது.

"நான் தூக்கிறன். ஆர் பாக்கப்போயினம்?" என்றார் கணவர்.

"தூக்கினால் திரும்பக் கீழயிருந்துதான் தொடங்கவேணும்."

"நீர் மனுசியோ?"

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏன் நடக்கவேண்டும் என்று டெனிஷில் கேட்டாள். அன்றுதான் அவளுக்கு முழுக்கதையையும் சொன்னேன். காய்ச்சல், யன்னல், நான் கொடுத்த வாக்கு எல்லாம். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போது எனக்குக் கதைக்கத் தெரியுமா?" என்றாள், டெனிஷில்தான்.

"தெரியாது."

"அப்படியென்றால் என்னைக் கேட்கவில்லை."

"கேக்கேல்லை," என்றேன்.

"என் காலை நீங்கள் எப்படிக் கொடுக்கலாம்?"

கணவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். சிரிக்கிறார் என்று தோளைப் பார்த்தே தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. அவளைக் கேட்டிருக்கவேண்டும் என்று இத்தனை வருடத்தில் எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

"நான் நடக்காவிட்டால் எனக்கு என்ன நடக்கும்?" என்றாள்.

பயமுறுத்தியிருக்கலாம். எங்கள் ஊரில் எந்தத் தாயும் அதைத்தான் செய்திருப்பாள். அந்தச் சிவந்த காலைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"உனக்கு ஒண்டும் நடக்காது. நான்தான் சொல்லிப்போட்டுச் செய்யாதவள் எண்டாகும்."

அவள் கொஞ்ச நேரம் ஒரு கல்லைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டி, எனக்கு முன்னால் நடந்தாள். தகப்பன் நீட்டிய கையையும் பிடிக்கவில்லை. என் பிடிவாதம் முழுவதும் அந்தச் சின்ன முதுகில் ஏறி எனக்கு முன்னே போய்க்கொண்டிருந்தது.

குகைக்குள் நல்ல குளிர். பாறையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தகரப் பீலிகள் ஏந்திக்கொண்டிருந்தன. புனிதை கண்ணாடிக்குப் பின்னால் பொன்னுடையோடு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மகள் கண்ணாடியில் மூக்கை வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"நித்திரையா?" என்றாள், டெனிஷில்.

"இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறா."

நன்றி சொல்ல முழந்தாளிட்டேன். சொல்லி முடித்ததும் எழும்பியிருக்கலாம். ஆனால் சண்டை நடந்துகொண்டிருந்த மன்னாரில் என் தம்பி இருந்தான். கடிதம் வந்து மூன்று மாதமாகியிருந்தது. பழகிய வாய் தானாகவே திறந்தது. என் தம்பியை உயிரோடு கொண்டுவந்து சேரும், என் மகள் மறுபடியும் நடந்து... என்று தொடங்கிவிட்டேன். மனதுக்குள் சொல்வதாகத்தான் நினைத்தேன். உதடு அசைந்திருக்கிறது.

ஒரு சின்னக் கை என் வாயைப் பொத்தியது. பீச் பழம் தின்றதிலிருந்து டெனிஷைத் தவிர வேறொன்றும் பேசாதவள், புனிதைக்கும் விளங்கவேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, தமிழில் சொன்னாள்.

"அம்மா, இந்தமுறை உங்கட காலைச் சொல்லுங்கோ."

கையை எடுத்துவிட்டு, தகப்பனின் பையிலிருந்து நீலச் சப்பாத்தை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நான் முழந்தாளில் இருந்தபடியே புனிதையிடம் என் கால் இரண்டையும் சொன்னேன்.