அம்மா கலந்த தண்ணீர்

புக்கிட் பெலிம்பிங் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி என் மோட்டார் சைக்கிளை இடித்தபோது, சிந்துவதற்குக்கூட என் உடம்பில் போதிய ரத்தம் இல்லை. பல வருடமாக ரத்தச்சோகை. கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகளை அலமாரியில் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தேன். விழுங்கினால் எனக்கு மலச்சிக்கல்; அலமாரிக்கு அந்தத் தொல்லை இல்லை.

தொடை எலும்பு முறிந்து, இருந்த ரத்தமும் போனது. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். இரண்டாம் நாள் காலை டாக்டர் வந்து, "ரத்தம் ரொம்பக் குறைஞ்சதால கிட்னி அடி வாங்கியிருக்கு. சிறுநீர் நல்லா வரணும். நாளைக்குள்ள அளவு ஏறலன்னா டயாலிசிஸ்தான்" என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது. அம்மாவுக்கு அதைவிட மோசம். அப்பாவின் கடைசி இரண்டு வருடங்களை, வாரத்துக்கு மூன்று முறை அந்த மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தே கழித்தவள்.

அதற்குப் பிறகு அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விசாரிக்க வந்தவர்களையும் குனிந்து பார்க்க வைத்தாள். ஈஜோக்கிலிருந்து ஆட்டு ஈரல் வறுவலோடு வந்த சித்தி, "கவலப்படாதக்கா, நல்ல கலராத்தான் இருக்குலா" என்று ஆறுதல் சொன்னாள். எனக்கு மானமே போனது.

மாலை ஐந்து மணிக்குத் தாதி பையைத் திறந்து அளவுக் குவளையில் பிடித்தார். பக்கத்துக் கட்டிலில் யாரோ கூப்பிட, குவளையைக் கீழே வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தால் குவளையில் இரண்டு மடங்கு. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு அம்மாவின் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தார்.

"ஏம்மா, தண்ணி கலந்தீங்களா?"

"கொஞ்சந்தான் மிஸி. அளவு பத்தல."

அம்மா முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். வாளியில் ரப்பர் பால் குறைந்தால் தண்ணீரை ஊற்றித் தராசுக்குக் கொண்டுபோவது அவளுக்குக் கைவந்த கலை. பாலை நிறுத்துக் கணக்கெழுதும் கிராணிக்கே தண்ணி காட்டியவளுக்குத் தாதி எம்மாத்திரம்? ஆனால் தாதி அசரவில்லை.

"எங்கம்மாவும் பால்மரம் வெட்டுனவங்கதான். இந்த வேலையெல்லாம் எங்கிட்ட ஆகாது" என்றவர், குரலைத் தணித்து, "டாக்டர் இத நம்பி சும்மா இருந்திருந்தா உங்க மகளுக்குத்தானே ஆபத்து?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் கால் மட்டும் நன்றாக இருந்திருந்தால் எழுந்தே போயிருப்பேன். "உனக்கு மூளை இருக்கா?" என்று கத்தினேன். அம்மா போத்தலை மூடிக் கைப்பைக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை குவளை உண்மையாகவே நிறைந்தது. தாதி குவளையைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரோரம் ஒதுங்கி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"நான் தொடல மிஸி! சத்தியமா இது அவளோடதுதான்!"

வார்டே சிரித்தது. தாதி அளவை எழுதி முடிக்கும்வரை அம்மா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதி முடித்ததும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் ஓவென்று அழுதுவிட்டாள்.