ஓடையை மறுபடி வளைத்த தேவகி மிஸ்

தேவகி மிஸ் இறந்துவிட்டார்.

காலையில் கிள்ளானில் சாப்பாட்டுக் கடையில் இருந்தேன். அவர் தம்பி போன் செய்தார். "அண்ணே... அக்கா போயிட்டாங்க. ஹார்ட் அட்டேக்." ரொட்டி சானாயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

போன வாரம்கூட வாட்ஸ்அப்பில் என்னைத் திட்டினாரே...

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செமினி பக்கம் ஒரு மணல் குவாரியில் நான் எக்ஸ்கவேட்டர் ஓட்டினேன். மணல் தீர்ந்ததும் அந்த நிலத்தைச் சீர்படுத்த வந்த என்ஜினியர்தான் தேவகி மிஸ். பிரிக்ஃபீல்ட்ஸ்காரர். என்னைவிட வயதில் சின்னவர். குரல் மட்டும் லோரி ஹாரன்.

குவாரி நடுவே ஓர் ஓடை. முன்பு வளைந்து வளைந்து ஓடியது. வளைவுகளுக்கு அடியில் இருந்த மணலுக்காக அதை நேராக வெட்டிவிட்டிருந்தோம். பெரிய மழை பெய்தால் தண்ணீர் ஹைவேயில் போவது போலப் போகும்... கீழே கம்பத்தில், அந்தச் சின்னக் கிராமத்தில், வீடுகளுக்குள் புகுந்துவிடும்.

முதல் மீட்டிங் கன்டெய்னர் ஆபீஸில் நடந்தது. "குழியைச் சமமாக்கி மேல புல்லு போடுவோம், போதும்லா. ஓடை அப்படியே இருக்கட்டும்," என்றார் மேனேஜர்.

"பாஸ், ஓடையைப் பழையபடி வளைச்சு விடுறோம்னு ஒத்துக்கிட்டுத்தானே மண்ணு எடுத்தீங்க?" என்றார் மிஸ்.

"இப்ப யாரு வந்து பார்க்கப் போறா?"

"நான் பார்ப்பேன். வளைவு இல்லாம வேலை முடிஞ்சிடுச்சின்னு சைன் வைக்க மாட்டேன். வேணும்னா வேற ஆளைத் தேடிக்குங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

அடுத்த வாரமே மெஷினை ஓடைக்கரையில் இறக்கச் சொல்லிவிட்டார்கள்.

அப்புறம்தான் எனக்குச் சனி பிடித்தது! கரைச் சரிவை நான் எப்படி வெட்டினாலும் மிஸ்ஸுக்குப் பிடிக்கவில்லை. "செங்குத்தா இருக்கு அண்ணே, நிக்காது."

"நிக்கும் மிஸ். இத்தனை வருஷமா மண்ணுதானே வெட்டுறேன்."

"அப்படியா? இருங்க, நான் நடந்து பார்க்கிறேன்."

ரப்பர் பூட்ஸோடு இறங்கினார்... பாதியிலேயே சறுக்கி, இடுப்பளவு சேற்றில் போய் உட்கார்ந்தார். எல்லாருக்கும் சிரிப்பு. அவருக்கும்தான். சேற்றில் உட்கார்ந்தபடியே கையை ஆட்டிக் கத்தினார்: "பார்த்தீங்கல்ல? திரும்ப வெட்டுங்க!"

திரும்ப வெட்டினேன்.

வளைவு வந்தது. கரையில் தேங்காய் நார்ப் பாய் விரித்து, வெட்டிவேர் நட்டோம், மூங்கில் நட்டோம். பாதிக் கரை முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒரே நாளில் வெள்ளம்.

மறுநாள் போய்ப் பார்த்தால்... பாய் விரிக்காத பக்கம் முழுக்க வழித்துக்கொண்டு போயிருந்தது. செடி, மண் எதுவும் மிச்சமில்லை. இதற்கு மேல் கம்பெனி ஒரு கை மண்கூட அள்ளிப் போடாது என்று எனக்குத் தோன்றியது. போனில் மேனேஜரும் அதையேதான் சொன்னார்.

மிஸ் அழவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு கம்பத்துக்கு நடந்தார். ஓடையோரத்து முதல் வீட்டில் ஒரு மலாய்க்கார அம்மா, மாச்சிக் என்றுதான் கூப்பிடுவோம். முந்தின வருடம் அவருடைய அடுப்படி வரை தண்ணீர் ஏறியதில் எங்கள் மேல் நல்ல கோபம். இந்த முறையும் வீடு முழுக்கச் சேறு. திட்டுவார் என்று நான் பின்னால் நின்றேன்.

திட்டத்தான் செய்தார். மிஸ் துடைப்பத்தை எடுத்து அடுப்படிச் சேற்றைத் தள்ள ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் மாச்சிக் ஓய்ந்துபோனார். பிறகு வேலியைக் காட்டி, "இதெல்லாம் உங்க செடியா?" என்று மலாயில் கேட்டார். அடித்து வந்த மூங்கில் கன்றுகள் வேலியில் சிக்கிக் கிடந்தன. வேரோடு.

அள்ளி எடுத்துக்கொண்டு போய் அன்று மத்தியானமே நட ஆரம்பித்தோம். சேறு படிந்த அந்த அடுப்படியை மிஸ் போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பினார். இரண்டு நாளில் பாய் ஏற்றிய லோரி வந்து நின்றது.

அதற்கடுத்த மழைக்காலத்தில் மிஸ் பந்திங் பக்கம் வேறு சைட்டுக்குப் போய்விட்டார். ஓடை நிரம்பிய அன்று நான் மாச்சிக் வீட்டிலிருந்து வீடியோ கால் போட்டேன். தண்ணீர் வளைவில் சுற்றி, நாங்கள் விட்டுவைத்த தாழ்ந்த நிலத்தில் பரவி, மெதுவாக இறங்கி வந்துகொண்டிருந்தது. மாச்சிக் வீட்டு வாசல்படி நனைந்தது... அதோடு சரி. உள்ளே மாச்சிக் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், அடுப்படி காய்ஞ்சு கிடக்கு! பாருங்க!"

மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த நொடியே, "கேமராவை மேல திருப்புங்க. அக்கரையில ஏன் மொட்டையா இருக்கு?"

கம்பெனி வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது. அக்கரை எங்கள் பொறுப்பில் இல்லை, மிஸ் பொறுப்பிலும் இல்லை. ஆனாலும் கம்பத்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஞாயிறுதோறும் வந்து நட்டார். போன வாரம் நான் வரவில்லை என்றுதான் அந்தத் திட்டு.

நாளை காலை பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் இறுதிச் சடங்கு. வர முடிந்தவர்கள் வாருங்கள். மாச்சிக்கும் வருகிறார், நான்தான் கூட்டி வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கரையில் நடவு உண்டு. பூட்ஸ் கொண்டு வாருங்கள்.

போய் வாங்க மிஸ்.