எண்பத்து நான்கு பேரோடு வந்த லாரி

எல்லைச் சாவடியை ஒட்டிய சோதனை யார்டில் பில் போடுவது என் வேலை. கஸ்டம்ஸ்காரர்கள் ஒரு லாரியை ஓரம் கட்டி, "பிரிங்க" என்று சொல்லிவிட்டால் போதும். ஸ்கேனருக்கு இவ்வளவு, இறக்கு கூலி இவ்வளவு, ஏற்று கூலி இவ்வளவு, இடத்தை அடைத்துக்கொண்டு நின்றதற்கு இவ்வளவு என்று நான் தட்டி எடுத்துவிடுவேன். பிரிக்கச் சொன்ன இலாகா அதில் ஒரு காசு தராது. உள்ளே தப்பாக ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் தராது. அப்படியானால் யார் தருவது? இந்தக் கேள்விக்காக என் ஜன்னலுக்கு முன்னால் பதினோரு வருடமாக நடக்காத சண்டை இல்லை. சரக்கு அனுப்பியவர் ஏஜென்ட்டைக் கைகாட்டுவார், ஏஜென்ட் லாரியைக் கைகாட்டுவார். கடைசியில் யார் கண்ணெதிரே நிற்கிறாரோ அவர் தலையில் விடியும். கண்ணெதிரே நிற்பவர் எப்போதும் டிரைவர்தான்.

அந்த வழக்கத்தை ஒரே நாளில் புரட்டிப்போட்டவர் ஹாரன் அக்கா.

ஹாரன் என்பது யார்டு வைத்த பெயர். அவர் குரல் அப்படி. லாரி கேட்டைத் தாண்டும் முன்னாலேயே, "யாருப்பா அது குறுக்க நிறுத்தினது, வண்டியா மாடா?" என்ற சத்தம் என் அறைக்குள் வந்துவிடும். லாரி ஓட்ட வந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. அதுவரை தையல் வேலை. லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது வீட்டுக்காரர் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போனதும், லாரியை விற்றுவிடலாம் என்று சொந்தக்காரர்கள் எல்லாம் கூடிப் பேசினார்களாம். "ஊசியில நூல் கோக்கத் தெரிஞ்சவளுக்குச் சந்துல லாரி கோக்கத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, ஆறே மாதத்தில் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார்.

அவருக்கு லோடு பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட்டுக்கும் யார்டில் ஒரு பட்டப்பெயர் உண்டு: அப்புறம். எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்த வார்த்தைதான். இரண்டு வருடம் முன்பு அக்கா கொண்டுவந்த டைல்ஸ் லோடு ஒன்றை முழுசாகப் பிரித்துப் பார்த்தார்கள். "இப்போ நீங்க கட்டிட்டு வண்டியை எடுங்க, அப்புறம் கணக்குப் பண்ணிக்கலாம்" என்றார் ஏஜென்ட். அக்கா காதுத்தோட்டை அடகு வைத்துக் கட்டினார். அந்தக் காசு இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. லாரி ரசீதின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் நிபந்தனைகள் அச்சடித்திருக்கும் இல்லையா? யாரும் படிக்காத அதை மூன்று சாயங்காலம் உட்கார்ந்து, வரி வரியாகப் படித்து முடித்தார். ஏழாவது நிபந்தனையை மனப்பாடம் செய்துவிட்டார். கதவில் வைத்த சீலிலோ கயிறு கட்டியதிலோ குறை இருந்து அதனால் சோதனை வந்தால் செலவு வண்டிக்காரருக்கு. சரக்கின் விவரம் தப்பாகவோ போதாமலோ எழுதி அதனால் வந்தால் அனுப்பியவருக்கு. அன்றிலிருந்து லோடு ஏற்றி முடித்ததும் கதவில் இருக்கும் சீலை, அதன் எண் தெரியும்படி, நாலு கோணத்தில் படம் எடுப்பார். கல்யாண வீட்டுப் போட்டோக்காரர் தோற்றார்.

அந்த நாள் காலை பத்து மணி இருக்கும். அக்காவின் மூடிய பெட்டி லாரி ஸ்கேனருக்குள் மெதுவாக நுழைந்தது. காகிதத்தில் 'கடைச் சாமான்' என்று மட்டும் இருந்தது. நான் பக்கத்து அறையில் நாக்கால் விரலை நனைத்து ரசீது எண்ணிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஸ்கேனர் பையன் போட்ட கூச்சலில் ரசீதெல்லாம் கீழே கொட்டியது.

"சார்! ஆளுங்க! உள்ள பூரா ஆளுங்க!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். திரை முழுக்க மனிதர்கள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு, வரிசை வரிசையாக, ஆடாமல் அசையாமல் நிற்கிறார்கள். சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். மூலையில் இரண்டு பேருக்குத் தலை இல்லை.

மணி அடித்தது. காவலர்கள் எட்டுப் பேர் தடியும் துப்பாக்கியுமாக லாரியைச் சூழ்ந்துகொண்டார்கள். கஸ்டம்ஸ் அதிகாரி பாதி சாப்பிட்ட பிஸ்கட்டோடு ஓடி வந்தார். அக்காவைக் கீழே இறக்கினார்கள்.

"உண்மையைச் சொல்லும்மா. உள்ள எத்தனை பேர்?"

"உள்ளயா? வண்டியில நான் ஒருத்திதான் சார் ஆளு."

"ஸ்கேனர்ல எண்ண முடியலைங்கிறேன்!"

அக்காவின் முகம் வெளுத்துப் போனது. லோடு ஏற்றும்போது அவரைக் கிட்டத்தில் விடவில்லை. சீல் வைத்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார்கள். யாராவது தெரியாமல் ஆட்களை அடைத்துவிட்டார்களோ? மூச்சு முட்டிச் செத்துக் கிடக்கிறார்களோ? "சார், முதல்ல கதவைத் திறங்க! பேச்சு அப்புறம் வச்சுக்கலாம், திறங்க!" என்று அவர்தான் கத்தினார்.

அதிகாரி சீலைப் பார்த்து, எண்ணைக் காகிதத்தோடு ஒப்பிட்டு, வெட்டச் சொன்னார். கதவு திறந்ததும் உள்ளிருந்து ஒரு கை வெளியே நீண்டு, முன்னால் நின்ற காவலரின் தோளில் பொத்தென்று விழுந்தது. ஆறடி மனிதர் அவர். "அம்மா!" என்று அலறிய அலறலில் தொப்பி ஒரு பக்கம் போனது, ஆள் ஒரு பக்கம் போனார்.

கை மட்டும் தரையில் கிடந்து உருண்டது. வெள்ளை வெளேர் என்ற பிளாஸ்டிக் கை. நகத்தில் சிவப்புச் சாயம்.

துணிக்கடை பொம்மைகள்! சேலையும் சட்டையும் உடுத்திக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்குமே, அவை. யார்டே விழுந்து விழுந்து சிரித்தது. அக்கா மட்டும் லாரிப் படியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உயிர் போயி வந்துச்சு" என்றார்.

ஆனால் சிரித்ததோடு விட முடியாது. பொம்மைக்கு வயிறு கூடு. உள்ளே எதை வேண்டுமானாலும் ஒளிக்கலாம். எல்லாவற்றையும் இறக்கி, இடுப்பைத் திருகித் திறந்து பார்க்கச் சொன்னார் அதிகாரி. லோடுமேன்கள் பன்னிரண்டு பேர் ஆளுக்கொன்றாகத் தோளில் தூக்கி வந்து வெயிலில் நிறுத்தினார்கள். எண்பத்து நான்கு பேர் பிறந்த மேனிக்கு நிற்க, டீ கொண்டுவந்த அம்மா வெட்கப்பட்டு அந்தப் பக்கமே வரவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்குச் சோதனை முடிந்தது. உள்ளே காற்றைத் தவிர ஒன்றும் இல்லை. நான் பில் போட்டேன். அக்காவின் அந்த டிரிப் வாடகையில் முக்கால்வாசி வந்தது. ஜன்னல் வழியாக நீட்டும்போது எனக்கே கை கூசியது.

அக்கா ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு, நானும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார்.

"அக்கா, இப்போதைக்கு நீங்க கட்டிடுங்க. அப்புறம்..."

"தம்பி, போன தடவை சொன்ன அப்புறமே எங்க வீட்டுக்கு வழி தெரியாம ரெண்டு வருஷமா அலையுது. இன்னொண்ணையும் அனுப்பாதே. சரக்குக்காரரை இங்க வரச் சொல்லு."

போனை வைத்துவிட்டு நேராக அதிகாரியிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன், வேடிக்கை பார்க்கத்தான்.

"சார், ஏன் வண்டியைப் பிரிச்சீங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

"அதெல்லாம் எழுதற வழக்கம் இல்லம்மா."

"வழக்கம் இல்லை, சரி. விதி இருக்கா சார்?"

அதிகாரி சோதனைப் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம், கீழே, 'சோதனைக்கான காரணம்' என்று அச்சடித்து இரண்டு கோடு காலியாக விட்டிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருடமாக அந்தப் படிவத்தை நான்தான் வாங்கி வாங்கிக் கோப்பில் அடுக்குகிறேன். அந்தக் கோடுகள் காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் டிரைவர்களிடம் காசு வாங்கியிருக்கிறேன்.

அதிகாரி பேனாவை எடுத்து எழுதினார்: 'சீலும் கட்டும் சரியாக இருந்தன. மனித உருவப் பொம்மைகள் என்று விவரம் எழுதப்படாததால் சந்தேகம் ஏற்பட்டது.' கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார்.

துணிக்கடை முதலாளி மூன்றரை மணிக்குக் காரில் பறந்து வந்தார். மறுநாள் காலையில் அவருடைய புதுக் கடை திறப்பு. யார்டில் அம்மணமாக நின்ற தன் பொம்மைகளைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன் சார் கடைச் சாமான்னு போட்டீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"பொம்மைன்னு எழுதினா விளையாட்டுச் சாமான் வரி போட்டுடுவாங்கன்னு ஒருத்தர் சொன்னாரு..."

"இது எந்த ஊர்க் குழந்தை விளையாடுற பொம்மை சார்?"

முதலாளி அசடு வழிந்தார். ஆனாலும் வியாபாரி இல்லையா? பில்லைப் பார்த்ததும் குரல் மாறியது. "வண்டி அவங்களோடது. அவங்களும் பாதி போட்டுக்கணும். அதான் நியாயம்."

லோடுமேன்கள் சும்மா இருக்கவில்லை. "கூலியைக் கையில வைங்க, ஏத்துறோம்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஐந்து மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். அப்போதே நாலு ஆகப் போகிறது. இப்போது ஒரு பெரிய சத்தம் கிளம்பப் போகிறது என்று நாங்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

அக்கா குரலையே உயர்த்தவில்லை. லாரி ரசீதை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்து ஏழாவது வரியில் விரலை வைத்தார். பக்கத்தில் அதிகாரியின் தாளை வைத்தார். அதற்குப் பக்கத்தில் போனில் சீல் படம்.

"அண்ணே, சீல் அறுந்திருந்தா நான் கட்டுவேன். கயிறு அவிழ்ந்திருந்தா நான் கட்டுவேன். என் வண்டிக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கே சொல்லாம ஏத்தி அனுப்பிச்சீங்க. எட்டுப் பேரு துப்பாக்கியோட வந்து நிக்கறப்ப, உள்ள ஆளுங்க செத்துக் கிடக்கறாங்களோன்னு ஈரக்குலை நடுங்கிப் போச்சு. அதுக்கு நான் பில் போடலை. இதை மட்டும் நீங்க கட்டுங்க."

முதலாளி மூன்றையும் இரண்டு தடவை படித்தார். அதிகாரி முகத்தைப் பார்த்தார். அவர் ஸ்கேனர் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு முதலாளி பையைத் திறந்து முழுத் தொகையையும் என் ஜன்னலில் வைத்தார். கூடவே, "தப்பு எம்மேலதாம்மா" என்றார். பதினோரு வருடத்தில் அந்த ஜன்னலில் நான் முதல் தடவையாகக் கேட்ட வார்த்தை.

அப்புறம் பார்க்க வேண்டுமே அந்தப் பரபரப்பை! லோடுமேன்கள் வரிசை கட்டினார்கள். முதலாளி சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு பொம்மையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடினார். காலையில் அலறிய காவலர் இரண்டு கையிலும் இரண்டு தலையோடு ஓடினார். நான் பில் புத்தகத்தை மூடிவிட்டுக் கால்களைப் பொறுக்கிக் கொடுத்தேன். "மெதுவா! மூக்கு உடையப் போகுது! அவளைத் திருப்பிப் படுக்க வைங்கடா!" என்று அக்கா லாரிக்குள் நின்று விரட்டிய விரட்டலில் யார்டே அதிர்ந்தது. நாலு ஐம்பத்து மூன்றுக்குப் புதுச் சீல் விழுந்தது. நாலு ஐம்பத்தாறுக்கு லாரி கேட்டைத் தாண்டியது. நாங்கள் கைதட்டிய சத்தத்தில் சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அந்த வாரமே டிரைவர்கள் ஒவ்வொருவராக அதிகாரியிடம் போய், "சார், அந்தப் பின்பக்கம்..." என்று கேட்க ஆரம்பித்தார்கள். இப்போது கேட்காமலே எழுதுகிறார்கள். எழுதாத படிவத்தை நான் வாங்குவதில்லை. சீல் அறுந்து வந்தால் டிரைவர் கட்டுகிறார், அதில் முணுமுணுப்பு இல்லை. விவரம் ஒழுங்காக இல்லையென்றால் சரக்குக்காரருக்குப் போன் போகிறது. சண்டை ஓய்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது நடக்கும் சண்டையில் டிரைவர் கையிலும் ஒரு தாள் இருக்கிறது.

துணிக்கடைக்காரர் தன் லோடுகளை இப்போது ஏஜென்ட் இல்லாமல் நேராக அக்காவுக்கே கொடுக்கிறார். போன மாதம் ஒரு லோடு வந்தது. காகிதம் மூன்று பக்கம். நின்ற நிலையில் பெண் உருவம் முப்பது, உட்கார்ந்த நிலையில் ஆண் உருவம் பத்து, குழந்தை உருவம் பன்னிரண்டு, தலை தனியாக ஆறு. அதிகாரி படித்துக்கொண்டே வந்து, கடைசி வரியில் நின்று அதைச் சத்தமாக வாசித்தார்: "யாருக்கும் உயிர் இல்லை."

"நான்தான் சார் எழுதச் சொன்னேன்" என்றார் அக்கா. "போகலாமா?"