சிவப்புத் திருகில் எண்ணெய்

ஜூனியர் நர்ஸ்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'மூடி அக்கா'. எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. ஐசியூவில் நோயாளியின் கழுத்துக் குழாயோடு ஒரு பிளாஸ்டிக் பட்டையை மாட்டுவோம். அதில் குழாய்களைத் திறந்து மூட, ஆளுக்கொரு நிறத்தில், வரிசையாக மூன்று திருகுகள் இருக்கும். மூன்று மருந்துகள் மூன்று வழியாக வந்து, ஒன்றாகச் சேர்ந்து உள்ளே போகும். மருந்து ஓடாத திருகின் வாயை மூடி போட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி நேராக ரத்தத்துக்குப் போய்விடும். இதற்காக நான் கத்தாத ஆள் கிடையாது. மூடியை மேசைமேல் மறந்து வைத்துவிட்டுப் போன டாக்டர் ஒருவரை லிஃப்ட் வரை துரத்திப் போய்க் கூட்டிவந்திருக்கிறேன். ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய எங்கள் ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷமாக இதுதான் என் பல்லவி.

இவ்வளவு வாய் பேசுகிற நான்தான் அந்த டீச்சரை எண்ணெய் தடவ விட்டேன்.

தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆனவர். சிட்லபாக்கத்தில் என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி அவர் வீடு. ஏரிக்கரையில் காலையில் நடக்கும்போது பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. அவருடைய ஒரே மகன் நாலாம் நம்பர் படுக்கையில் கிடந்தான். முப்பது வயதுகூட ஆகவில்லை. காய்ச்சல் என்று ஆரம்பித்து, கிருமி ரத்தம் முழுவதும் பரவி, பிபி தானாக நிற்காத நிலைக்கு வந்திருந்தான். அதைத் தூக்கி நிறுத்தும் மருந்து சிவப்புத் திருகு வழியாகச் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருந்தது.

பதினொரு மணிக்கு ஒருவரை ஐந்து நிமிஷம் உள்ளே விடுவோம். டீச்சர் கஞ்சி போட்ட காட்டன் புடவையில் வருவார். சர்ச்சில் ஜெபம் பண்ணிக் கொடுத்த ஒலிவ எண்ணெய், சின்னக் குப்பியில் இருக்கும். மகனுடைய நெற்றியில் ஒரு சொட்டு, நெஞ்சில் ஒரு சொட்டு. உதடு மட்டும் அசையும். நான் தடுப்பதில்லை. நெற்றி அவர்களுடையது, குழாய்தான் என்னுடையது.

அவன் வந்த இரண்டாம் நாள் டீச்சர் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மூணுல எது சிஸ்டர் அவன புடிச்சி வெச்சிருக்கு?"

எனக்கு ஆயிரம் வேலை இருந்தது. போயிருக்கலாம். சிவப்பைத் தொட்டுக் காட்டினேன். அதற்கும் ஒரு சொட்டு வைத்து ஜெபம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

வேறொரு குடும்பம் ஒருமுறை குழாய்க்குப் பக்கத்தில் விபூதி தூவப் போனபோது, தூள் விழும் என்று கையைப் பிடித்துத் தடுத்தவள் நான். ஊசிமேல் கட்டியிருந்த கோயில் கயிற்றைக் கத்தரித்துவிட்டுத் திட்டும் வாங்கியிருக்கிறேன். எண்ணெய் பட்டால் இந்த பிளாஸ்டிக் விரிசல் விடும் என்பதும் எனக்குத் தெரியும். கொழுப்பு கலந்த வெள்ளை மருந்து ஓடினால் திருகை அடிக்கடி மாற்றுங்கள் என்று வகுப்பெடுப்பதே நான்தான். ஆனால் அது உள்ளே ஓடுகிற எண்ணெய். வெளியே தடவுகிற ஒரு சொட்டையும் அதையும் என் மண்டை சேர்த்துப் பார்க்கவில்லை. தவிர, அன்று காலைதான் பெரிய டாக்டர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருந்தார். அந்த அம்மாவுக்குக் கொடுக்க என்னிடம் வேறு என்ன இருந்தது? லேசாக, வெளிப்பக்கம் மட்டும் என்றேன்.

அவர் போனதும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். எண்ணெய் வழுக்கி இணைப்பு கழன்றுவிடப் போகிறதே என்று பலமாக முறுக்கி இறுக்கினேன். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

எண்ணெய் தடவிய அந்த மூன்றாம் நாள், டீச்சர் வெளியே போய்க் கால்மணி நேரத்தில் பிபி இறங்க ஆரம்பித்தது. தொண்ணூறு, எண்பது, எழுபது. டாக்டர் மருந்தின் வேகத்தைக் கூட்டினார். ஏறவில்லை. இன்னும் கூட்டினார். மருந்தைத் தள்ளும் பம்ப் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. அடைத்துக்கொண்டால்தான் அது அலறும், ஒழுகினால் வாயே திறக்காது. நான் பம்பைப் பார்த்தேன், சிரிஞ்சைப் பார்த்தேன், திருகு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கண்ணை நம்பாதே, பம்பிலிருந்து நோயாளி வரைக்கும் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போ என்று ஊருக்கெல்லாம் சொல்கிற எனக்கு அதைச் செய்ய இருபது நிமிஷத்துக்குமேல் ஆனது.

கை ஈரமானது. சிவப்புத் திருகின் கழுத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். கீழே போட்டிருந்த துண்டு நனைந்திருந்தது. அவனைப் பிடித்து வைத்திருந்த மருந்தைத் துண்டு குடித்துக்கொண்டிருந்தது.

புதுப் பட்டையைப் பிரித்து, காற்றுக்குமிழ் இல்லாமல் திரவத்தை நிரப்பி மாட்டி, கூட்டியிருந்த வேகத்தைக் குறைத்த பிறகே திறந்தேன். அப்படியே திறந்திருந்தால் பிபி எகிறியிருக்கும். இதெல்லாம் கை தானாகச் செய்தது. பிபி ஏறிவிட்டது. ஆனால் பிபி இறங்கியதில் அன்றைக்கு நின்ற சிறுநீர் திரும்ப வரவேயில்லை. நாலு நாள் கழித்து, ஒரு மத்தியானம், அவன் போய்விட்டான்.

எப்படியும் பிழைத்திருக்கமாட்டான் என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் ட்யூட்டிக்கு வந்துபோனேன். சில நாள் அது தாங்கும், சில நாள் தாங்காது.

உடைந்த பட்டையைக் கவரில் போட்டு, எழுதிக் கொடுத்து, மேலே அனுப்பியிருக்க வேண்டும். சிவப்புக் குப்பைப் பையில் போட்டேன். 'திருகில் கசிவு. மாற்றப்பட்டது' என்று ரெஜிஸ்டரில் எழுதினேன். பொய் ஒரு எழுத்து கிடையாது. அதுதான் அசிங்கம்.

இரண்டு மாதம் கழித்து டீச்சரை ஐசியூ வாசலில் பார்த்தேன். சர்ச்சிலிருந்து நோயாளிகளுக்கு ஜெபம் பண்ண வருகிற பெண்களோடு வந்திருந்தார். கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த ஒரு பெண், உள்ளே புருஷனைப் படுக்க வைத்துவிட்டு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் தன் குப்பியை அவள் கையில் வைத்து விரல்களை மூடிக்கொண்டிருந்தார்.

"நெத்தியில வெச்சிட்டு, அந்த செவப்புத் திருகுலயும் ஒரு சொட்டு வைம்மா. அதுலதான் உசுரு இருக்கு. இந்த சிஸ்டர்தான் எனக்குக் காட்டுனாங்க."

என்னைப் பார்த்துச் சிரித்தார். மற்ற நர்ஸெல்லாம் விரட்டுவார்கள், இவர்தான் என் மகனுக்காக ஜெபிக்க விட்டார் என்று அந்தப் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னார். சும்மா இருந்தால் பதினொரு மணிக்கு அந்தப் பெண் உள்ளே வந்து தடவிவிடுவாள். குப்பியை வாங்கி டீச்சர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"திருகுல வேணாம் டீச்சர். எண்ணெ பட்டா அது விரிசல் விடும்."

கணக்கு டீச்சர். கூட்டிப் பார்க்க அவருக்கு நேரமாகவில்லை. என்னைக் கொஞ்சம் ஓரமாக அழைத்துப் போனார்.

"அவனுக்கும் விரிசல் விட்டுச்சா சிஸ்டர்?"

"ஆமா."

ஸ்பிரிட்டால் தேய்த்தது நான், முறுக்கி இறுக்கியது நான், இரண்டுக்குமே அந்த பிளாஸ்டிக் விரிசல் விடும், எண்ணெயா என் கையா என்று யாராலும் சொல்ல முடியாது. இதையெல்லாம் அடுத்த மூச்சில் சொல்லியிருக்க வேண்டும். இருபது நிமிஷம் தேடியதையும் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை என்று சொன்னால் அது நடிப்பு. வாய் வந்தது, நான்தான் விடவில்லை. டீச்சர் குப்பியைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். சரி சிஸ்டர் என்றார். கூட வந்த பெண்களிடம் சொல்லிக்கொள்ளாமல் படியில் இறங்கிப் போனார்.

இப்போது வகுப்பில், விரல் நுனியால் மட்டும் இறுக்குங்கள், முறுக்காதீர்கள் என்று கத்துகிறேன். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஜெபக்கூட்டத்துப் பெண்கள் வாராவாரம் வருகிறார்கள், டீச்சர் வருவதில்லை. சர்ச்சுக்கும் போவதில்லையாம். ஏரிக்கரையிலும் காணோம். நாலு தெரு நடந்து போய், முறுக்கியது நான் என்று சொல்ல ஐந்து நிமிஷம் போதும். நான் ஸ்கூட்டியை வேறு தெரு வழியாக ஓட்டிக்கொண்டு போகிறேன்.