சுவரில் நிற்கிற ஹாஜியார்

எகிப்தின் எஸ்னா ஊரில் தண்ணீர் பம்பு ஓடவில்லை என்றாலும் ஷாஸ்லியைத்தான் கூப்பிடுவார்கள், அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "ஹாஜியாரே சொல்லிட்டாரு, விடுப்பா" என்று யாராவது சொன்னால் அந்தச் சண்டை அதோடு முடிந்தது. இத்தனைக்கும் மனிதர் மக்கா பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இது தெரிந்த ஆள் ஊரில் ஒருவர்தான். அவரும் ஷாஸ்லிதான்.

ஊரை ஏமாற்ற வேண்டும் என்று அவர் கிளம்பவில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பம்பு வேலைக்காக மக்காவுக்குப் பக்கத்து ஜெத்தா போனவர், 'ஹஜ்ஜை முடித்துக்கொண்டுதான் வருவேன்' என்று மனைவி சனிய்யாவுக்குக் கடிதம் போட்டார். ஹஜ்ஜு நாட்கள் முழுக்க ஜெத்தாவிலேயே காய்ச்சலில் கிடந்தார். திரும்பி வந்த கப்பல் நிறைய ஹாஜிகள். அவர்களில் ஒருவர் மக்காவின் புனிதமான ஜம்ஜம் தண்ணீர் ஒரு கேன் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நுழைந்தால், வீட்டுச் சுவரில் கஅபா, கப்பல், நடுவில் வெள்ளைத் துணி உடுத்திய ஷாஸ்லி! கடிதத்தை நம்பிய சனிய்யா, பெயின்டர் அய்யாதைக் கூப்பிட்டு, ஹஜ்ஜுக்குப் போனவர்கள் வீட்டில் வரைவதுபோல் வரைய வைத்திருந்தாள். பெண்கள் குலவை போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அவர் கையில் முத்தமிட்டு "ஹாஜியாரே" என்றார். உண்மையைச் சொல்ல ஷாஸ்லி வாயைத் திறந்தார். திறந்த வாயில் யாரோ பேரீச்சம்பழத்தைத் திணித்தார்கள்.

அப்புறம் சொல்ல நேரம் வாய்க்கவில்லை. நேரம் வாய்த்தபோது தைரியம் வாய்க்கவில்லை. ஊரார் கதை கேட்டார்கள், இவரும் சொன்னார். கப்பலில் வந்த சோஹாக் ஊர்க்காரர் ஒருவர், மக்கா பக்கத்து மினாவில் செருப்பைத் தொலைத்துவிட்டு, கொதிக்கிற தரையில் வெறுங்காலோடு நடந்திருந்தார். அந்தக் கதையை முதலில் "ஒருத்தர்" என்றுதான் ஷாஸ்லி சொன்னார். மூன்றாவது வருஷம் அந்த ஒருத்தர் "நான்" ஆகிவிட்டார். இப்போதெல்லாம் அதைச் சொல்லும்போது உள்ளங்கால் உண்மையாகவே எரிகிறது. ஒருவேளை போய்த்தான் வந்தோமோ, காய்ச்சலில் மறந்துவிட்டோமோ என்று அவருக்கே குழம்பும்.

ஹஜ்ஜுக்கு ஆள் எடுக்கும் இந்த வருஷக் குலுக்கலில் சனிய்யாவின் பெயர் விழுந்தது. துணைக்குக் கணவன் போகலாம், ஆனால் முன்பு போகாதவராக இருக்க வேண்டும். பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா கேட்டதும் சனிய்யா பெருமையாகச் சொன்னாள்: "அவரு எப்பவோ போயிட்டு வந்துட்டாருங்க!" துணையாக அவள் தம்பி பெயரைக் கொடுப்பதாகப் பேச்சு. வியாழக்கிழமை பட்டியலை மூடுகிறார்கள். ஷாஸ்லிக்கு வயது அறுபத்தாறு, இனி ஒரு வாய்ப்பு வருமா என்பது சந்தேகம்தான். உண்மையைச் சொன்னால் மக்காவைப் பார்க்கலாம், ஹாஜியார் பட்டம் போய்விடும். சொல்லாவிட்டால் பட்டம் மட்டும்தான் மிஞ்சும்.

புதன்கிழமை காலை அய்யாத் ஏணியோடு வந்தான், சனிய்யாவை வரைய இடம் பார்க்க.

"ஹாஜியாரே, உங்க மூஞ்சி வெளுத்துப் போச்சு. கொஞ்சம் சாயம் ஏத்திடவா?"

"வேணாம். அழிச்சுடு."

"என்னது?"

"என்னை அழிச்சுட்டு அவளை மட்டும் வரை."

அய்யாத் சிரித்தான். "அடக்கத்துக்கும் ஒரு அளவு வேணும் ஹாஜியாரே. இதுக்குத்தான் ஊரே உங்களைத் தலையில தூக்கி வச்சுக்குது."

பாவம், கால்வாசி உண்மையை வெளியே விட்டுப் பார்த்தார். அதற்கும் பாராட்டுத்தான் கிடைத்தது. உள்ளே போனார். சனிய்யா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நான் போகல, சனிய்யா."

"அதான் தெரியுமே ஹாஜியாரே. தம்பிதானே வர்றான்."

"இப்ப இல்ல. அப்பவே நான் போகல."

அவள் எழுந்து வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சலா?"

"அப்பதான் காய்ச்சல்."

"அப்போ மினாவுல யாரு காலு சுட்டுச்சு?"

"சோஹாக்காரரு காலு."

"நேத்துகூட உங்க காலுன்னு சொன்னீங்களே!"

"எனக்கும் சுடுதே சனிய்யா. அதான் எனக்கே ஒண்ணும் புரியல."

கீரை அப்படியே கிடந்தது. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள்.

"நீ சந்தோஷமா சுவத்துப் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்த. உன் மொகத்தைப் பாத்ததும் சொல்ல வரல."

அவள் மறுபடி உட்கார்ந்து மிச்சக் கீரையையும் ஆய்ந்து முடித்தாள். மறுநாள் காலை கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். இருவரும் அலுவலகத்துக்கு நடந்தார்கள். 'நான் போனதில்லை, முதல் தடவை' என்று வழியெல்லாம் அவர் மனப்பாடம் செய்துகொண்டே வந்தார். வரிசையில் பாதித் தெரு நின்றது, அய்யாதும் அவன் அம்மாவின் தாள்களோடு நின்றான்.

"பேரு?" என்றார் குமாஸ்தா.

"ஹாஜி ஷாஸ்லி."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. குமாஸ்தா நிமிரவே இல்லை. "போயிட்டு வந்தவங்களுக்கு இந்த வரிசை இல்ல ஹாஜியாரே."

"இல்ல, நான் வந்து…" உள்ளங்கால் எரிந்தது. தான் யார் என்று அந்த நிமிஷம் அவருக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.

சனிய்யா அவரைத் தள்ளிக்கொண்டு ஜன்னலுக்கு முன்னால் வந்தாள்.

"வெறும் ஷாஸ்லின்னு எழுதுங்க. இதுதான் முதல் தடவை."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் திரும்பாமலே பேனாவை அவர் கையில் வைத்தாள். "கையெழுத்துப் போடு, ஷாஸ்லி."

பத்தொன்பது வருஷத்தில் அவள் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. அவர் தாளைத் தொடுவதற்குள் பின்னாலிருந்து அய்யாத் கத்தினான்:

"என்ன ஹாஜியாரே இது?"

'ஹாஜியாரே' என்றதும் அவர் தலை தானாகத் திரும்பியது.